ஒன்பது அங்குலச் சரிவு: சிலாவத்துறைக்குத் தெற்கே ஒரு பிரெஸ்பிட்டேரியன் கோயில்

போன தை மாதம், பொங்கல் கழிந்த பின் வந்த திங்கட்கிழமை காலையில் எனக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் அந்தோனி என்பவர். சிலாவத்துறைச் சந்தியிலிருந்து தெற்கே நாலு கிலோமீற்றரில் உள்ள கடற்கரைக் கிராமமொன்றின் மீனவர் சங்கச் செயலாளர். நாங்கள் முன்பின் பேசியதில்லை. வணக்கம் சொன்ன கையோடு விடயத்துக்கு வந்துவிட்டார்.

"அம்மா, உங்கடை மாமனார் ஆக்களின்ரை வெள்ளைக்காரன் கோயில் இருக்கெல்லோ, அதை இடிச்சுப்போட்டு வள்ளம் ஏத்திற துறை கட்டப் போறம். புதன்கிழமை பதினொரு மணிக்குத் தொல்பொருள் கந்தோரிலை இருந்து ஒரு ஆள் பாக்க வாறா. உங்கடை பக்கத்திலை ஆராவது கதைக்கிறதெண்டா வரலாம். ஒளிச்சுச் செய்தவங்கள் எண்டு பிறகு நீங்கள் சொல்லக்கூடாது."

எங்கள் பக்கத்தில் ஆராவது என்றால் நான்தான். என் கணவர் சாமுவேல் இறந்து ஒன்பது வருடம். பிள்ளைகள் இரண்டு பேரும் கடல் கடந்து இருக்கிறார்கள். "நான் வாறன்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தேன்.

இதைப் படிப்பவர்களில் சிலர் மன்னாரின் தெற்குக் கரைக்குப் போக நினைப்பவர்களாக இருப்பீர்கள். உங்களுக்கு வேண்டிய நேரம், தூரம், கட்டணம் எல்லாம் எழுதுகிறேன். ஆனால் அந்தக் கட்டடம் எனக்கு என்ன என்று முதலில் சொல்லாவிட்டால், எழுபத்தொன்பது வயதில் நான் ஏன் வெள்ளத்தைக் கடந்து போனேன் என்பது விளங்காது.

மன்னார்க் கரையில் கத்தோலிக்கக் கோயிலுக்குக் குறைவில்லை. பிரெஸ்பிட்டேரியன் கோயில் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். அது ஸ்கொட்லாந்துக்காரரின் சபை. ஆயர் கிடையாது, மூப்பர்கள் கூடி நடத்துவார்கள். சுரூபம் இல்லை, பீடம் இல்லை, மெழுகுதிரி இல்லை, சிலுவைகூட இல்லை. ஒரு நீண்ட மேசை, ஒரு வேதப்புத்தகம், இருக்க வாங்குகள், அவ்வளவுதான். வெள்ளைக்காரர் ஆண்ட நாளில் சங்குக்குளிப்பை மேற்பார்வை செய்ய வந்த ஸ்கொட்லாந்துத் துரை ஒருவர் இந்தக் கரையில் ஞாயிறு ஜெபம் தொடங்கினாராம். அவரிடம் கிளாக்கராக இருந்த என் கணவரின் பாட்டனார், துரை போன பிறகு, அந்தக் கோயிலைக் கல் கல்லாகத் தானே நின்று கட்டினாராம். இது என் மாமியார் சொன்ன கதை. அவர் சொன்னபடியே நானும் ஐம்பத்தேழு வருடம் எல்லோருக்கும் சொல்லிவந்தேன். சுதந்திரத்துக்குப் பிறகு சபைக் குடும்பங்கள் ஒவ்வொன்றாக யாழ்ப்பாணத்துக்கும் கொழும்புக்கும் போய்விட்டன. சண்டைக் காலத்தில் கூரை போனது.

நான் மன்னார்த் தீவில் தோட்டவெளியில் பிறந்த கத்தோலிக்கப் பெண். கன்னியர் மடத்துப் பாடசாலையில் படித்தவள். எழுத்தும் கோடும் நேராக இருக்க வேண்டும் என்று அடித்துப் பழக்கினார்கள், அதனால் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவளாக வேலை கிடைத்தது. முப்பத்தொரு வருடம் மற்றவர்களின் காணி எல்லைகளை வரைந்தேன். அங்கேதான் சாமுவேலைக் கண்டேன். அவருடைய கோயிலில்தான் கலியாணம் என்று முடிவானதும் அப்பா ஒரேயொரு வசனம் சொன்னார்:

"கிட்டங்கியிலை தாலி கட்டிறவளுக்கு என்ரை வீட்டிலை கதிரை இல்லை."

கிட்டங்கி என்றால் பண்டகசாலை. சிலுவை இல்லாத கோயிலை அப்பா நையாண்டி செய்கிறார் என்று நினைத்தேன். அவர் கலியாணத்துக்கு வரவில்லை. அதற்குப் பிறகு பதினொரு வருடம் உயிரோடு இருந்தார், என்னோடு பேசவில்லை. நானும் போகவில்லை. அது கிட்டங்கி அல்ல, கடவுளுக்கென்றே கட்டின ஆலயம் என்று அவர் ஒரு நாள் வாயால் சொல்ல வேண்டும் என்று காத்திருந்தேன். இரண்டு பேருக்கும் ஒரே பிடிவாதம்.

கலியாண நாளில் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அம்மா இரகசியமாகக் கொடுத்தனுப்பிய செபமாலையைச் சேலை மடிப்புக்குள் மணிக்கட்டில் சுற்றியிருந்தேன். வாசலில் இருந்து நடக்கத் தொடங்கியதும் என் கால் தானாக முன்னே போவது போல இருந்தது. மேசைக்கு முன்னால் போனதும், பிறந்த நாள் தொட்டு வந்த பழக்கத்தில், ஒரு முழங்காலை மடித்து வணங்கிவிட்டேன். வணங்க அங்கே நற்கருணையும் இல்லை, பீடமும் இல்லை, வெறும் மேசை. எழும்பும்போது செபமாலை எங்கோ கொளுவி நூல் அறுந்தது. ஐம்பத்தொன்பது மணிகளும் சீமெந்துத் தரையில் விழுந்து ஒரே திசையில் உருண்டன. மேசைக்குக் கீழே போய், அதன் பின்னால் இருந்த பலகை மேடையின் அடியில் மறைந்தன. செபமாலையே ஆகாத சபை அது. கடைசி மணியின் சத்தம் அடங்கும் வரை போதகர் புத்தகத்தில் விரல் வைத்துக் காத்திருந்தார். பிறகு, "தொடருவோம்" என்றார். அன்று இரவு சாமுவேல் சிரித்துக்கொண்டே, "உம்மடை மாதா மணியளைக் கூட்டிக்கொண்டு போயிட்டா" என்றார். கால் தானாகப் போனதையும் மணிகள் ஒரே பக்கம் போனதையும் ஓர் அருள் அடையாளமாகவே நான் மனதில் வைத்திருந்தேன். பிள்ளைகளுக்கும் அப்படித்தான் சொன்னேன்.

இனிப் பயணம்.

புதன்கிழமை காலை 6.10க்கு வவுனியாவில் மன்னார் பஸ்ஸில் ஏறினேன். முருங்கனில் இறங்க 240 ரூபா, ஏறக்குறைய 57 கிலோமீற்றர். வலப்பக்க யன்னல் ஓரம் இருங்கள், வெயில் படாது. முந்திய மூன்று நாளும் மழை. கட்டுக்கரைக் குளம் நிரம்பி வாய்க்காலெல்லாம் கரை தட்ட ஓடிக்கொண்டிருந்தது. 7.55க்கு முருங்கன். சிலாவத்துறைக்கு 8.15 பஸ் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். 8.40 ஆகியும் வரவில்லை. வீதியில் தண்ணீர் என்பதால் அன்று ஓடாது என்று தேத்தண்ணிக் கடையில் சொன்னார்கள். இதை யாரும் எழுதி ஒட்டவில்லை.

சந்தியில் நின்றது ஒரே ஓட்டோ. சாரதி நிசார், முசலிப் பக்கத்து ஆள், ஐம்பது வயதிருக்கும். போய்வர 5,500 ரூபா என்றார், காத்திருப்பும் சேர்த்து. பதினொரு மணிக்கு நான் அங்கே நிற்க வேண்டும் என்றேன். வானத்தைப் பார்த்தார், என் கைத்தடியைப் பார்த்தார்.

"தண்ணி விட்டா நிக்கலாம் அம்மா. விடாட்டி ரெண்டு பேரும் தண்ணிக்குள்ளை நிக்கலாம்."

நானாட்டானைத் தாண்டும் வரை தடையில்லை. அருவியாற்றுப் பாலத்துக்கு அப்பால், வீதி தாழும் இடத்தில், 9.40க்கு வாகனங்கள் நின்றன. இரண்டு லொறி, ஒரு சிறிய வான், நாங்கள். ஏறக்குறைய இருநூறு மீற்றர் தூரத்துக்கு வீதியே தெரியவில்லை. மண்ணிறத் தண்ணீர் இடமிருந்து வலமாக இழுத்துக்கொண்டு ஓடியது. இறங்கிப் பார்த்த ஒருவருக்கு முழங்காலுக்கு மேல். அந்தோனிக்குத் தொலைபேசி எடுத்தேன், சிக்னல் இல்லை. அந்தப் பெண் உத்தியோகத்தர் பன்னிரண்டு மணி வரைதான் நிற்பார் என்று அவர் சொல்லியிருந்தார். நான் மணிக்கூட்டைப் பார்ப்பதை நிசார் இரண்டு முறை பார்த்தார், மூன்றாம் முறை பார்க்கவில்லை.

10.20க்கு எதிர்ப்பக்கமிருந்து ஓர் உழவு இயந்திரம் இழுவைப் பெட்டியோடு வந்தது. ஏற்றிவந்த ஆட்களை இக்கரையில் இறக்கிவிட்டது. என்னை அதில் ஏறிப் போகச் சொன்னார் நிசார். அக்கரையிலிருந்து கோயிலுக்கு இன்னும் பதினாறு கிலோமீற்றர், நடக்கவா என்று கேட்டேன். அவர் தலையைச் சொறிந்துகொண்டு உழவு இயந்திரக்காரரோடு பேசினார். பத்து நிமிடத்தில் இரண்டு பலகை வைத்து ஓட்டோவைப் பெட்டிக்குள் தள்ளி ஏற்றிக் கயிறு போட்டார்கள். அதற்கு 1,500 ரூபா. பெட்டிக்குள் ஓட்டோ, ஓட்டோவுக்குள் நான். நடுவழியில் பெட்டியின் பின்சில்லு வீதி விளிம்பை விட்டு இறங்கி ஒரு பக்கம் சரிந்தது. கயிறு முறுகும் சத்தம் கேட்டது. நிசார் கலிமா சொன்னார், நான் அருள் நிறைந்த மரியே சொன்னேன். உழவு இயந்திரக்காரர் ஆக்ஸிலேற்றரை மிதித்தார், சில்லு ஏறிவிட்டது.

"அம்மா, அப்பிடி என்ன இருக்கு அந்த இடிஞ்ச சுவரிலை?" என்று அக்கரையில் கேட்டார் நிசார்.

என் கலியாணம் இருக்கிறது என்றேன். அதற்குப் பிறகு அவர் மெதுவாக ஓட்டவில்லை.

11.35க்குப் போய்ச் சேர்ந்தோம். முதலில் கண்ணில் பட்டது கோயில் அல்ல, அதன் வாசலுக்கு முப்பது அடி தள்ளி மஞ்சள் நிறத்தில் நின்ற, மண் தோண்டும் பெக்கோ இயந்திரம். அதன் கை மடக்கி நிலத்தில் ஊன்றியிருந்தது. நிழலில் சங்கத்து ஆட்கள் எட்டுப் பத்துப் பேர். அந்தோனி அறுபது வயதுக்காரர், வெயிலில் கறுத்துக் காய்ந்த உடம்பு, சேட்டின் மேல் பொத்தான் வரை பூட்டியிருந்தார். எழும்பி வந்து, "தண்ணிக்குள்ளாலையோ வந்தனீங்கள்? வரமாட்டியள் எண்டுதான் நினைச்சம்" என்றார். குரலில் ஏமாற்றமும் மரியாதையும் சமமாக இருந்தன. உத்தியோகத்தரின் பெயர் சுகந்தி. முப்பத்தைந்து வயது, சப்பாத்து முழுக்கச் சேறு. அவர் வெளிச் சுவர்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். நிலைமையை எனக்கு ஒளிக்காமல் சொன்னார். படிவத்தில், முதலில் எதற்காகக் கட்டப்பட்டது என்று ஒரு கேள்வி இருக்கிறது. ஆதியிலிருந்தே வணக்கத்தலம் என்று குடும்பத்தில் மூத்தவர் ஒருவர் கையெழுத்திட்டால், சுகந்தியால் அன்றைக்கே வேலையை நிறுத்த முடியும். இல்லாவிட்டால் கடிதம் கொழும்புக்குப் போய்வர மாதங்கள் ஆகும், அதுவரை பெக்கோவை மறிக்க அவருக்கு அதிகாரம் இல்லை.

"ஒரு கால் மணித்தியாலம் தாறன் அம்மா, உள்ளுக்குப் போய்ப் பாத்திட்டு வாங்கோ" என்றார்.

எனக்கு அது போதும் என்று நினைத்தேன். கேள்வி ஒன்று, பதில் ஒன்று, கையெழுத்து ஒன்று.

கதவில்லாத வாசலால் உள்ளே போனேன். மேலே வானம். வாங்கு, மேசை ஒன்றும் இல்லை. பக்கச் சுவர்கள் இரண்டும் பவளக்கல், மூன்றடி தடிப்பு. வாசல் பக்கச் சுவர் மட்டும் செங்கல். இந்த வித்தியாசத்தை மணப்பெண்ணாக வந்தபோது நான் பார்க்கவில்லை. நான் பார்த்தது மேசையருகில் நின்றவரை மட்டும்தான்.

நாலு அடி வைத்திருப்பேன். கைத்தடி எனக்கு முந்திக்கொண்டு போனது. கால் தானாக முன்னே போனது.

நின்றுவிட்டேன். ஐம்பத்தேழு வருடம் நான் அருள் என்று சொல்லிவந்தது இப்போதும் என் காலை இழுத்தது. ஆனால் இம்முறை நான் இருபத்திரண்டு வயதுப் பெண் அல்ல, முப்பத்தொரு வருடம் நில அளவைக் கந்தோரில் இருந்தவள். நிசாரைக் கூப்பிட்டேன். பெற்றோல் இழுக்கிற, உள்ளே தெரிகிற பிளாஸ்ரிக் குழாய் இருக்கிறதா என்று கேட்டேன். பத்தடி நீளத்தில் ஒன்று வைத்திருந்தார். அதில் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் உயர்த்திப் பிடித்தால், இரண்டு பக்கமும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நிற்கும். தரைக்கும் அந்த மட்டத்துக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்தால் சரிவு தெரியும். அளவுநாடா எப்போதும் என் கைப்பையில் இருக்கும். ஆறு ஆறடியாக ஏழு தடவை அளந்தோம். நிசார் ஒரு முனையைப் பிடித்து, பெற்றோல் மணம் தாங்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டார். நான் கைத்தடியில் ஊன்றிக் குனிந்து குனிந்து எழுதினேன்.

நாற்பத்திரண்டு அடி நீளம். வாசலிலிருந்து கடற்பக்கச் சுவர் வரை ஒன்பது அங்குலச் சரிவு. ஒரே சீராக.

தரை காலப்போக்கில் தாழ்ந்து போனதல்ல. அப்படி இருந்தால் வெடித்து மேடும் பள்ளமுமாக இருக்கும். இது திட்டமிட்டுப் போட்ட சரிவு. பலகை மேடை இருந்த இடத்தில் இப்போது வெறும் தரை. சுவரின் அடியில் ஒரு சாண் அகலத்தில் சதுரமாக ஒரு துவாரம், விளிம்பில் கருங்கல் பதித்து, கடலைப் பார்த்து. குனிந்து பார்த்தேன். மணி ஒன்றும் இல்லை. அன்றைக்கே கடலுக்குப் போயிருக்கும்.

"இது கழுவுற இடம் அம்மா" என்றார் நிசார். "சங்கைக் குவிச்சு அழுக விட்டு, கழுவிற தண்ணி ஓட வழி விட்டிருக்காங்க. சங்குக் கிட்டங்கி எண்டு எங்கட வாப்பாட வாப்பா ஒரு இடத்தைச் சொல்லுவார். இதுதானோ தெரியாது."

கிட்டங்கி. அப்பா நையாண்டி செய்யவில்லை. மன்னார்க்காரர், கரை தெரிந்தவர், தெரிந்ததைச் சொன்னார். பாட்டனார் கட்டியது செங்கல் சுவரும் வாசலும் யன்னலும் மட்டும். அவர் ஒரு கிட்டங்கியைக் கோயிலாக்கினார். அது சின்ன வேலை அல்ல. ஆனால் மாமியார் சொன்ன வேலையும் அல்ல. சாமுவேல் அந்தத் தரையில் தவழ்ந்து வளர்ந்தவர், அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அப்பாவோடு நான் பிடித்த பிடிவாதத்தைப் பார்த்துக்கொண்டு ஏன் சொல்லவில்லை? கேட்க ஆள் இல்லை. அவருடைய சபையில் கட்டடத்துக்குப் புனிதம் என்று ஒன்று கிடையாது, நாலு பேர் கூடிப் புத்தகத்தைத் திறந்தால் அது கோயில். ஆகவே அவருக்கு இது சொல்ல வேண்டிய விடயமாகவே தோன்றாமல் இருந்திருக்கலாம். எனக்கு அப்படி அல்ல. நான் கல்லையும் திசையையும் பார்க்கிற ஆள்.

வெளியே சுகந்தி சேற்றுச் சப்பாத்தைக் கல்லில் தேய்க்கும் சத்தம் கேட்டது. நிசார் குழாயைச் சுருட்டி சாரத்து மடியில் செருகினார். என் முகத்தைப் பார்க்காமல், தாழ்ந்த குரலில் சொன்னார்:

"அம்மா, நான் ஒண்டும் காணேல்லை."

அந்த மனிதர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். நான் நன்றி சொன்னேன் என்றே நினைக்கிறேன்.

11.55க்கு சுகந்தி படிவத்தோடு உள்ளே வந்தார். பின்னால் அந்தோனியும் இன்னும் மூன்று பேரும். பெக்கோக்காரர் இயந்திரத்தை உயிர்ப்பித்துச் சூடாக்கத் தொடங்கியிருந்தார், அந்த அதிர்வு சுவரில் கேட்டது. சுகந்தி படிவத்தை ஒரு மட்டையின் மேல் வைத்துப் பேனையைத் திறந்தார். பெயர், வயது, உறவு முறை எல்லாம் எழுதினார். பிறகு அந்தக் கேள்வி.

"அம்மா, இது முதலிலை என்னத்துக்குக் கட்டினது?"

துவாரத்தைத் திரும்பிப் பார்த்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, அன்று நான் மணிக்கூட்டைப் பார்க்காத நேரம் அது ஒன்றுதான். கோயில் என்றால் சுவர் நிற்கும். நான் சொன்னால் எழுதுவார், அளக்க மாட்டார், அவருக்கு நேரமில்லை. ஐம்பத்தேழு வருடம் சொன்ன அதே வசனம், இன்னொரு தடவை. ஆனால் அத்தனை தடவையும் நான் தெரியாமல் சொன்னேன். இந்தத் தடவை கைப்பையில் அளவு இருந்தது.

"கிட்டங்கி" என்றேன். "சங்குக் கிட்டங்கி. எழுதுங்கோ. நாற்பத்திரண்டடிக்கு ஒன்பது அங்குலச் சரிவு, கடற்பக்கம் ஒரு துவாரம். பிறகுதான் கோயிலாக்கினது. வாசல் சுவர் மட்டும் என்ரை மனிசன்ரை பாட்டனார் கட்டினது. இந்த இடத்திலை மேசை இருந்தது. இதிலை எனக்குக் கலியாணம் நடந்தது. அதையும் எழுதுங்கோ."

சுகந்தி பேனையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். விளங்கித்தான் சொல்கிறேனா என்று கேட்டார். ஓம் என்றேன். எழுதிக் காட்டினார், சரிவு என்பதில் ஒரு எழுத்துத் தெளிவில்லை, திருத்தச் சொல்லிக் கையெழுத்திட்டேன். கையெழுத்து நேராகத்தான் விழுந்தது.

அந்தோனி துவாரத்துக்குப் பக்கத்தில் போய்க் குந்தினார். கையை உள்ளே விட்டுக் கருங்கல் விளிம்பைத் தடவினார். ஓர் ஓட்டைச் சங்கின் துண்டு விரலில் தட்டுப்பட, எடுத்துப் பார்த்து, மற்றவரிடம் கொடுத்தார். அவருடைய அப்புவின், அதாவது பாட்டனின், தகப்பன் சங்கு குளித்தவர் என்றும், பெரிய கல்லுக் கிட்டங்கியில் சங்கு அளந்து குடுத்த கதை வீட்டில் உண்டு என்றும், அது எங்கே என்று ஒருவருக்கும் தெரியாதென்றும் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார். வெள்ளைக்காரன் கோயில் என்று பெயர் இருந்ததால் ஒருவரும் இங்கே தேடவில்லை. பிறகு எழும்பி என் முன்னால் வந்து நின்றார்.

"கோயில் எண்டா அது உங்கடை. கிட்டங்கி எண்டா எங்கடை."

இடிக்கப் போகிறார் என்றுதான் எனக்குப் பட்டது. நான் கைத்தடியை இறுக்கிப் பிடித்தேன். அவர் வாசலுக்குப் போய், பெக்கோக்காரரைப் பார்த்துக் கையைக் குறுக்காக வீசினார். இயந்திரம் நின்றது. திடீரென்று கடல் கேட்டது.

அதற்குப் பிறகு நடந்தது எனக்குப் பிடித்த விதமாக நடந்தது என்று சொல்ல மாட்டேன். சங்கத்தார் அங்கேயே நின்று வாக்குவாதப்பட்டார்கள். துறையை வடக்கே ஐம்பது மீற்றர் தள்ளிக் கட்டலாம் என்று இருவர், அங்கே மணல் நிற்காது என்று ஒருவர். கடைசியில் துறையைத் தள்ளுவது என்றும், சுவர்களுக்கு மேல் தகரம் போட்டு வலை வைக்கும் இடமாக்குவது என்றும் முடிவாயிற்று. தகரம் என்றதும் எனக்கு மனம் சுருங்கியது. ஓடு போடலாமே என்றேன். ஓட்டுக்கு நீங்கள் காசு தாறீங்களோ என்று ஒருவர் கேட்டார், எல்லோரும் சிரித்தார்கள். மேசை இருந்த இடத்தில் மட்டும் வலை போட வேண்டாம் என்று அந்தோனியிடம் கேட்டுக்கொண்டேன்.

"அதுதான் அம்மா நல்ல இடம்" என்றார். "ஓட்டைக்குள்ளாலை காத்து வரும். வலை கெதியாக் காயும்."

வாதாடவில்லை. அவர் சொன்னது சரி. சுகந்தி படிவத்தைக் கொழும்புக்கு அனுப்புவதாகவும், எந்த வாக்குறுதியும் தர முடியாதென்றும் சொல்லி 12.20க்குப் புறப்பட்டார். இதை எழுதும் நாள் வரை பதில் வரவில்லை. சுவர் நிற்கிறது, தகரம் போட்டாயிற்று. படம் அனுப்பியிருந்தார் அந்தோனி. பச்சைத் தகரம்.

திரும்பும்போது நிசாரிடம் முருங்கனுக்குப் போகாமல் நேரே மன்னார்த் தீவுக்குப் போகச் சொன்னேன். வெள்ளம் கொஞ்சம் வடிந்திருந்தது, இம்முறை உழவு இயந்திரம் தேவைப்படவில்லை. வங்காலை வழியாகத் தோட்டவெளிக்கு ஏறக்குறைய 47 கிலோமீற்றர், மேலதிகமாக 2,000 ரூபா கொடுத்தேன். அவர் 1,500 போதும் என்றார். நான் கேட்கவில்லை. தீவுக்குப் போகும் பாலத்தில் ஏறும்போது, இனி என்ன அம்மா, சரிதானே என்றார். இல்லை, இன்னும் ஒரு ஆளிடம் சொல்ல இருக்கிறது என்றேன்.

தோட்டவெளிச் சேமக்காலையில் அப்பாவின் கல்லறை மதிலோரம், வடக்கிலிருந்து இரண்டாம் வரிசை. 3.40க்குப் போனேன். அவருடைய அடக்கத்துக்கு வந்து கடைசியில் நின்றுவிட்டுப் போன பிறகு இதுதான் முதல் தடவை. நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவரும் கேட்டிருக்க மாட்டார். அங்கே இருக்கக் கதிரை ஒன்றும் இல்லை, நின்றபடியே சொன்னேன். கிட்டங்கிதான். நாற்பத்திரண்டு அடி, ஒன்பது அங்குலம், துவாரம் ஒரு சாண். பிறகு, கோயிலும்தான் என்று சேர்த்தேன். மதிலுக்கு வெளியே நிசார் ஓட்டோவைத் துடைத்துக்கொண்டு நின்றார், அவசரப்படுத்தவில்லை.

போக விரும்புகிறவர்களுக்குச் சில குறிப்புகள். மார்கழியிலும் தையிலும் போகாதீர்கள், அல்லது போகும் அன்று காலையில் முருங்கன் சந்தியில் விசாரியுங்கள். மாசிக்குப் பிறகு வீதி காய்ந்துவிடும், பஸ்ஸும் ஓடும் என்று சொன்னார்கள். குடிதண்ணீர் கொண்டுபோங்கள், சிலாவத்துறைக்கு அப்பால் கடை இல்லை. இடத்தைக் கேட்கும்போது வெள்ளைக்காரன் கோயில் என்றாலும் சங்குக் கிட்டங்கி என்றாலும் இப்போது வழி சொல்வார்கள். கட்டணம் இல்லை. வலை இருந்தால் மிதிக்காதீர்கள், கேட்டுவிட்டு உள்ளே போங்கள். பவளக்கல் எங்கே முடிந்து செங்கல் எங்கே தொடங்குகிறது என்று வாசலில் நின்று பாருங்கள். அவசரத்தில் இருக்கும்போது அது கண்ணில் படாது.

வயதானவர்கள் கைத்தடி கொண்டுபோவது நல்லது. உள்ளே நாலு அடி வைத்ததும் கால் தானாக முன்னே போகும். பயப்பட வேண்டாம், தரை அப்படி. நான் அளந்திருக்கிறேன்.